பத்தில் ஒரு மில்லிமீட்டர்

விரல் நீளத்துக்கு ஒரு தடித்த கண்ணாடித் துண்டு. அதன் நடுவில் பள்ளம் வெட்டி இரண்டு சிறு மேடைகளை விட்டிருப்பார்கள். இருபுறமும் உள்ள தாங்குவிளிம்புகளைவிட அந்த மேடைகள் பத்தில் ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கும். விளிம்புகளின் மேல் மூடுகண்ணாடியை வைத்தால் மேடைக்கும் மூடிக்கும் இடையே 0.1 மில்லிமீட்டர் உயரத்தில் ஓர் அறை கிடைக்கும். மேடையில் 3 மில்லிமீட்டர் பக்கமுள்ள சதுரம் கீறப்பட்டிருக்கும். அதற்குள் ஒன்பது கட்டங்கள். நடுக்கட்டத்தை மட்டும் 25 சதுரங்களாகவும், அவற்றில் ஒவ்வொன்றையும் 16 பொடிச் சதுரங்களாகவும் பிரித்திருப்பார்கள். லேப்களில் இதை நியூபார் சேம்பர் என்பார்கள்.

பிள்ளை வேண்டிக் காத்திருக்கும் தம்பதியர் வாங்கிவரும் விந்துப் பரிசோதனை ரிப்போர்ட்டில் ‘மில்லிலிட்டருக்கு இத்தனை மில்லியன்’ என்று ஓர் எண் இருக்கும். கையால் எண்ணும் லேப்பாக இருந்தால், அந்த எண் பெரும்பாலும் இந்தக் கட்டங்களுக்குள்தான் உருவாகியிருக்கும். அதை வைத்துத்தான் மாத்திரையா, ஐயூஐயா, ஐவிஎஃப்பா என்ற பேச்சு தொடங்குகிறது. குறை யாரிடம் என்று வீட்டில் நடக்கும் பேச்சும் அதை வைத்தே முடிந்துவிடுகிறது. இவ்வளவு பாரம் சுமக்கும் எண் எந்த வழியாக வந்தது, வழியில் எதையெல்லாம் இழந்தது என்று தெரிந்துகொள்ள, அந்தக் கண்ணாடியின் பின்னால் கொஞ்ச தூரம் நடந்துபார்க்க வேண்டும்.

இது பிறந்தது ரத்தத்தை எண்ணுவதற்காக. ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் கார்ல் ஃபியரோர்ட் 1852-ல், நுண்குழாயில் அளந்தெடுத்த ரத்தத்தைக் கண்ணாடியில் பரப்பிச் சிவப்பணுக்களை எண்ணினார். ஒரு கன மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 50 லட்சம் என்று அவர் கண்டது இன்றைக்கும் பெரிதாக மாறவில்லை. ஆனால் ஒருமுறை எண்ணி முடிக்க மணிக்கணக்கில் ஆனது. 1870-களில் பாரிஸில் மலாசேவும் ஹாயெமும், லண்டனில் வில்லியம் கவர்ஸும் வேலையைச் சுருக்க ஆளுக்கொரு கருவி செய்தார்கள். பரப்பைக் கோடு கீறி அளந்துவிடலாம், ஆழத்தை எப்படி நிலையாக வைப்பது என்பதுதான் அவர்களுக்கிருந்த சிக்கல். துளி தடித்தால் அணுக்கள் கூடும், மெலிந்தால் குறையும். நோயாளியின் ரத்தத்தில் எந்த மாற்றமும் இல்லாமலே எண் மாறிவிடும்.

அதற்கு நல்ல விடை ஜெர்மனியின் யேனா நகரத்தில், நுண்ணோக்கி செய்யும் ஸைஸ் பட்டறையில் கிடைத்தது. நோயியல் அறிஞர் ரிச்சர்ட் தோமாவுக்காக அங்கே செய்த எண்ணும் அறைக்கு 0.1 மில்லிமீட்டர் ஆழம். பிறகு பியூர்க்கர் என்பவர் அறையின் வடிவத்தைத் திருத்தினார். நியூபார் என்பவர் கோடுகளின் அமைப்பைத் திருத்தினார். ஆழம் மட்டும் அப்படியே நின்றது.

யேனாவில் நடந்த இன்னொரு காரியம் எனக்கு அந்தக் கண்ணாடியைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது. ஸைஸின் கூட்டாளியான இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே, 1878-ல் ரத்த அணுக்களை எண்ணுவது பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அறையின் ஆழம் துல்லியமாக இருக்கட்டும், கோடுகள் துல்லியமாக இருக்கட்டும், எண்ணுபவர் ஒன்றைக்கூட விடாமல் எண்ணட்டும். அப்போதும் எவ்வளவு பிழை மிஞ்சும்? இதுதான் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. திரவத்தில் அணுக்கள் தாறுமாறாகச் சிதறியிருப்பதால் ஒரு துளியில் கொஞ்சம் கூடும், அடுத்த துளியில் கொஞ்சம் குறையும். அந்த ஏற்ற இறக்கம், எண்ணிய அணுக்களின் வர்க்கமூலத்தின் அளவுக்கு இருக்கும். 100 அணுக்களை எண்ணினால் 10, அதாவது நூற்றுக்குப் பத்து. 400 எண்ணினால் 20, நூற்றுக்கு ஐந்து. பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு எண்ண வேண்டும். கருவி சந்தைக்கு வரும் காலத்திலேயே அதன் பிழையின் அளவையும் அதைச் செய்தவர்கள் கணக்கிட்டு வைத்திருந்தார்கள்.

டப்ளினின் கின்னஸ் மதுவாலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட் அதே கணக்குக்குத் தனி வழியில் வந்துசேர்ந்தார். பீர் நொதிக்க எவ்வளவு ஈஸ்ட் சேர்ப்பது என்பது ஆலைக்குப் பணம் சம்பந்தப்பட்ட கேள்வி. ஈஸ்ட் செல்களை எண்ணும் அறையில் வைத்துத்தான் எண்ணுவார்கள். ஆலை ஊழியர்கள் தம் பெயரில் ஆராய்ச்சி வெளியிடக் கூடாது என்பதால் ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் 1907-ல் ‘பயோமெட்ரிகா’ இதழில் அவர் எழுதிய முதல் கட்டுரையே எண்ணும் அறையின் பிழை பற்றியதுதான். 400 சதுரங்களில் ஒவ்வொன்றிலும் எத்தனை செல்கள் என்று எண்ணி அட்டவணை போட்டார். பிழை இரண்டு வழியாக வருகிறது என்று பிரித்தும் காட்டினார். எடுத்த துளி பாத்திரத்தில் உள்ள மொத்தத்தையும் சரியாகக் காட்டாமல் போகலாம். துளி சரியாக இருந்தாலும் அறைக்குள் செல்கள் சமமாகப் பரவாமல் இருக்கலாம். அறைக்குள் எத்தனை சதுரம் எண்ணினாலும் முதல் பிழை குறையாது. அதற்கு மறுபடி துளி எடுக்க வேண்டும். புள்ளியியல் மாணவர் எல்லாருக்கும் தெரிந்த டி-சோதனையை அவர் எழுதியது இதற்கு அடுத்த ஆண்டுதான்.

1929-ல் பாஸ்டன் நகரில் மேகோம்பரும் சாண்டர்ஸும் ரத்தம் எண்ணும் அதே அறையில் விந்தணுக்களை எண்ணிக் கட்டுரை வெளியிட்டார்கள். விந்தணு எண்ணிக்கை மருத்துவரின் மேசைக்கு வந்தது ஏறத்தாழ அங்கிருந்துதான். மில்லிலிட்டருக்கு 60 மில்லியன் என்ற எல்லை அதன் பின் நிலைத்தது. 1951-ல் நியூயார்க்கில் ஜான் மக்லியோட் தகப்பனான ஆயிரம் ஆண்களையும் குழந்தையில்லாத 800 ஆண்களையும் ஒப்பிட்ட பின் அது 20 மில்லியனுக்கு இறங்கியது. எல்லைக்குக் கீழே இருந்தும் தகப்பனானவர்கள் அந்த ஆய்விலேயே இருந்தார்கள்.

கண்ணாடி ரத்தத்திலிருந்து விந்துக்கு வந்தபோது எண்ணும் முறையும் அப்படியே கூடவந்தது. வெள்ளையணுக்களை எண்ணும் மணிவைத்த பிப்பெட்டில் 0.5 கோடு வரை சாம்பிள், 11 கோடு வரை கரைசல் என்றால் இருபது மடங்கு நீர்ப்பு. விந்துக்கும் அதே பிப்பெட், அதே இருபது மடங்கு. ஆனால் ரத்தம் ஓடும் திரவம், விந்து குழகுழப்பானது. ரத்தத்தில் அணுக்கள் ஓரளவு சமமாகக் கலந்திருக்கும். விந்திலோ அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டும், சளி இழையில் சிக்கும், உயிரோடிருந்தால் நீந்திக்கொண்டும் இருக்கும். அபேயின் கணக்கு நன்றாகக் கலந்த திரவத்துக்கானது. விந்தை நன்றாகக் கலப்பதே பெரும்பாடு.

லேப்புக்குள் வருமுன்பே சிலது போய்விடும். விந்து வெளிவரும்போது அணுக்கள் செறிந்திருப்பது முதல் பகுதியில்தான். அது சிந்திப்போனால் மிச்சத்தை எவ்வளவு கவனமாக எண்ணியும் பயனில்லை. தனி அறை இல்லாமல், யாராவது கதவைத் தட்டிவிடுவார்களோ என்ற பயத்தோடு சாம்பிள் எடுப்பவர் சிந்தியதைப் பற்றிச் சொல்லக் கூச்சப்படுவார். ‘ஏதாவது சிந்தியதா?’ என்று தணிந்த குரலில் கேட்டுப் படிவத்தில் குறித்துக்கொள்வதும் பரிசோதனையின் ஒரு பகுதி. கடைசி உறவுக்குப் பின் எத்தனை நாள் என்பதையும் குறிக்க வேண்டும். 2 முதல் 7 நாள் வரை இடைவெளி இருக்கட்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் கையேடு. இரண்டாம் நாள் சாம்பிளையும் ஏழாம் நாள் சாம்பிளையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு, மருந்து வேலை செய்தது என்று சொல்லிவிட முடியாது.

பிறகு அளவு. சிரிஞ்சிலோ அளவுக்குழாயிலோ ஊற்றி அளந்தால் 0.3 முதல் 0.9 மில்லிலிட்டர் வரை பாத்திரச் சுவரில் ஒட்டி நின்றுவிடும். மொத்தமே ஒன்றரை மில்லிலிட்டர் உள்ளவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. மொத்த அணுக்களின் எண்ணிக்கை அதே விகிதத்தில் குறைந்துபோகும். காலிக் குப்பியை முன்னதாகவே எடைபோட்டு, சாம்பிளோடு மறுபடி எடைபோட்டுக் கழித்தால் ஒரு கிராமை ஒரு மில்லிலிட்டர் என்று கொள்ளலாம். இந்த எளிய காரியத்துக்கு ஒரு தராசு போதும்.

வெளிவந்த விந்து முதலில் கட்டியாக இருந்து அரை மணியில், சிலருக்கு ஒரு மணி நேரத்தில் இளகும். இளகுமுன் எடுத்த துளியில் எது வேண்டுமானாலும் வரலாம். இளகிய பின்னும், ஒவ்வொரு துளி எடுக்கும் முன்பும் அகன்ற வாயுள்ள பிப்பெட்டால் குமிழி வராமல் கலக்க வேண்டும். துளி எடுக்கும் பிப்பெட்டும் முக்கியம். பெரும்பாலான லேப்களில் இருப்பது நடுவில் காற்று நின்று திரவத்தை இழுக்கும் வகை. தண்ணீருக்கு அது நன்றாக வேலை செய்யும். குழகுழப்பான திரவத்தை இழுக்கும்போது 50 மைக்ரோலிட்டர் என்று காட்டிவிட்டு அதைவிடக் குறைவாக எடுக்கும். முனையின் வெளிப்புறத்தில் ஒட்டியதைத் துடைக்காவிட்டால் கூடுதலாகவும் போகும். பிஸ்டன் நேரடியாகத் திரவத்தைத் தொடும் பிப்பெட்டைத்தான் கையேடு கேட்கிறது.

அறை தயாரிப்பிலும் பிழை நுழையும். சாதாரண ஸ்லைடுக்குப் போடும் மெல்லிய கவர்ஸ்லிப்பைச் சேம்பர்மேல் போட்டால் அது வளையும். அதற்கென்றே உள்ள தடித்த மூடுகண்ணாடி வேண்டும். அது தாங்குவிளிம்பில் சரியாகப் படிந்தால் இரண்டு கண்ணாடிக்கும் நடுவே வானவில் நிறத்தில் வளையங்கள் தெரியும். நியூட்டன் வளையங்கள் என்பார்கள். வளையம் தெரியாவிட்டால் நடுவில் தூசியோ ஈரமோ இருக்கிறது, ஆழம் 0.1 இல்லை என்று பொருள். நீர்க்கச் செய்த சாம்பிளை விளிம்பில் வைத்தால் தானாக உள்ளே ஓட வேண்டும். நிரம்பி வழிந்தால் மூடியைத் தூக்கும், குறைந்தால் மூலைகள் வெறுமையாக நிற்கும். இரண்டையும் கழுவிவிட்டு மறுபடி தொடங்குவதே சரி. காய்ந்துவிடாமல் ஈரம் வைத்த மூடிய தட்டில் சில நிமிடம் விட்டால் அணுக்கள் கீழே படியும். படியுமுன் எண்ணினால், ஒரு தளத்தில் தெரிவது இன்னொரு தளத்தில் தெரியாமல் தப்பிவிடும்.

எண்ணும்போது தலையும் வாலும் சேர்ந்த முழு விந்தணுவைத்தான் எண்ண வேண்டும். தனித்த தலைக்கும் உருண்டைச் செல்களுக்கும் வேறு கணக்கு. கோட்டின் மேல் கிடப்பதை என்ன செய்வது என்பதற்கும் விதி உண்டு: தலை எங்கிருக்கிறதோ அந்தச் சதுரத்துக்கு அணு சொந்தம், சதுரத்தின் அடுத்தடுத்த இரண்டு பக்கக் கோடுகளில் தொடுவதைச் சேர்க்க வேண்டும், மற்ற இரண்டிலும் விட்டுவிட வேண்டும். நான்கு பக்கமும் சேர்ப்பவருக்கு ஒவ்வொரு சதுரத்திலும் கூடிக்கொண்டே போகும்.

கோசெட் பிரித்துச் சொன்ன முதல் பிழை இங்கேதான் மறுபடி தலைகாட்டுகிறது. கையேடு சாம்பிளிலிருந்து இரண்டு முறை தனித்தனியாகத் துளி எடுத்து, தனித்தனியாக நீர்க்கச் செய்து, சேம்பரின் இரண்டு மேடைகளிலும் தலா ஒன்றாக நிரப்பச் சொல்கிறது. ஒவ்வொன்றிலும் குறைந்தது 200 அணுக்கள். இரண்டும் சேர்ந்து 400 என்றால் வித்தியாசம் 39 வரை இருக்கலாம், அபேயின் வர்க்கமூலத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு வரை அனுமதிக்கும் ஆட்டம் அது. அதைத் தாண்டினால் கலக்கியதிலோ எடுத்ததிலோ நிரப்பியதிலோ எங்கோ தவறு நடந்திருக்கிறது, புதிதாக இரண்டு துளி எடுக்க வேண்டும். ஒரே நீர்ப்பை இரண்டு மேடையிலும் ஊற்றி ஒப்பிட்டால் இந்தத் தவறுகள் வெளியே தெரியவே தெரியாது. முதல் எண்ணிக்கை தெரிந்த மனம் இரண்டாவதையும் அதன் பக்கம் இழுத்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இத்தனைக்கும் அரை மணி நேரமாவது ஆகும். மேசையில் முப்பது சாம்பிள் காத்திருக்கும் டெக்னீஷியனுக்கு அந்த அரை மணியை யார் தருவார்கள்? ஆகவே ஒரு குறுக்குவழி வழக்கமாகிவிட்டது. இருபது மடங்கு நீர்க்கச் செய்து, நடுக்கட்டத்தின் 25 சதுரங்களில் ஐந்தில் மட்டும் எண்ணுவது. ஒவ்வொரு சதுரத்துக்கும் மேலே உள்ள திரவம் 4 நானோலிட்டர், ஐந்துக்கு 20. நீர்ப்பும் 20. இரண்டும் கழிந்து, எண்ணிய எண்ணே மில்லியன் ஆகிவிடும். 15 அணு தெரிந்தால் 15 மில்லியன். கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. 15-ன் வர்க்கமூலம் ஏறத்தாழ 4. இருபுறமும் அதில் இரு மடங்கு ஆட்டத்துக்கு இடம் விட்டால், உண்மையான எண் 7-க்கும் 23-க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். கலக்குவதிலும் பிப்பெட்டிலும் வந்த பிழைகளை இதில் இன்னும் சேர்க்கவேயில்லை.

அந்த ரிப்போர்ட்டைப் பிடித்துக்கொண்டு எல்லைக்கோட்டின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று பார்க்கிறார்கள். கையேட்டின் 2010 பதிப்பில் கீழெல்லை 15 மில்லியன். ஓராண்டுக்குள் மனைவி கருத்தரித்த 1,859 ஆண்களை வரிசைப்படுத்தி, அடியிலிருந்து ஐந்து சதவீதத்தில் வந்த எண் அது. அந்த எண்ணுக்கே 12 முதல் 16 வரை நிச்சயமின்மை உண்டு என்று ஆய்வாளர்கள் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். 2021 பதிப்பில் இன்னும் அதிக ஆண்களைச் சேர்த்துப் பார்த்தபோது 16 ஆனது. அதற்குக் கீழே இருப்பவர்களும் தகப்பனானவர்கள்தான், அந்த ஐந்து சதவீதத்தில் இருப்பவர்கள் எல்லாருமே. 14 என்று வந்த ரிப்போர்ட்டைப் பார்த்து மனம் உடைந்து போகிறவருக்கு இதை யாராவது நிதானமாக உட்கார்ந்து சொல்ல வேண்டும். பல நேரம் யாரும் சொல்வதில்லை. யேனாவிலிருந்து கண்ணாடி ஊர் ஊராக வந்துவிட்டது, அதனுடன் பிறந்த கணக்கு பாதி வழியிலேயே நின்றுவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது.

நீர்க்கச் செய்யும் தொல்லையே வேண்டாம் என்று வந்த புதிய அறைகளும் உண்டு. இஸ்ரேலின் ஹைஃபாவில் அம்னோன் மாக்லர் 1980-ல் வெளியிட்ட அறைக்கு ஆழம் 0.01 மில்லிமீட்டர்தான், பழையதில் பத்தில் ஒன்று. சாம்பிளை அப்படியே வைத்து, பத்துச் சதுரங்களில் எண்ணினால் அதுவே மில்லியன். நீந்தும் வேகத்தையும் உடனே பார்த்துவிடலாம். ஆனால் பத்துச் சதுரத்தில் இருப்பது வெறும் ஒரு நானோலிட்டர். மூடியின் கீழ் இரண்டு மைக்ரான் தூசி விழுந்தால் பழைய அறையில் நூற்றுக்கு இரண்டு பிசகும், இதில் நூற்றுக்கு இருபது பிசகும். கணினி எண்ணும் கருவிகளுக்கென்று வந்த 20 மைக்ரான் ஆழமுள்ள, ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஸ்லைடுகளில் வேறொரு சிக்கல். மெல்லிய இடுக்கில் திரவம் ஓடும்போது அதிலுள்ள துகள்கள் எங்கும் சமமாக ஓடுவதில்லை. சில அடுக்குகளில் குவிகின்றன. 1961-ல் செக்ரேவும் சில்பர்பெர்க்கும் குழாய்களில் கண்டது இது. அதே விளைவால் இந்த ஸ்லைடுகளில் அணுக்கள் ஓர் இடத்தில் சேர்ந்து இன்னோர் இடத்தில் குறைகின்றன, திருத்தக் கணக்கு போடாவிட்டால் எண் தவறும். வேகத்துக்காக ஆழத்தை விட்டுக்கொடுத்தது நல்ல பேரமாக எனக்குத் தெரியவில்லை. கையேடும் எண்ணிக்கைக்கு நியூபார் அறையைத்தான் இன்றுவரை முன்னே வைத்திருக்கிறது.

அந்த அறை உலகளாவிய ஒரு வழக்கிலும் சாட்சியாக நிற்கிறது. 1992-ல் கோபன்ஹேகனைச் சேர்ந்த கார்ல்சனும் ஸ்காகேபெக்கும் 61 ஆய்வுகளைத் தொகுத்து, 1940-ல் 113 மில்லியனாக இருந்த சராசரி 1990-ல் 66 மில்லியனாகச் சரிந்தது என்றார்கள். அரை நூற்றாண்டில் எண்ணும் முறைகள் எத்தனையோ மாறின, அந்த மாற்றத்தைத்தான் நீங்கள் பார்க்கிறீர்களோ என்று எதிர்க்கேள்வி வந்தது. அதனால் 2017-ல் லெவினும் ஸ்வானும் அவர்கள் குழுவும் 1973-க்கும் 2011-க்கும் இடைப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்தபோது, எண்ணும் அறையில் கையால் எண்ணியவற்றை மட்டுமே எடுத்துக்கொண்டார்கள். மேலைநாட்டு ஆண்களிடம் பாதிக்கும் மேல் சரிவு தெரிந்தது. ஒரே வகை அறைதான் என்றாலும் அத்தனை லேப்களிலும் அத்தனை ஆண்டுகளும் ஒரே பழக்கத்தில் கலக்கினார்களா, எத்தனை அணுக்கள் எண்ணினார்கள் என்ற கேள்வியை எதிர்த்தரப்பு இன்னும் விடவில்லை. மனித இனத்தைப் பற்றிய இவ்வளவு பெரிய வாதமும் ஒரு மேசையில் ஒருவர் பிப்பெட்டை எப்படிப் பிடித்தார் என்பதில் வந்து நிற்கிறது.

ரிப்போர்ட் வாங்கியவர்கள் லேப்பில் கேட்கக்கூடிய கேள்விகள் இருக்கின்றன. எந்தச் சேம்பர், மொத்தம் எத்தனை அணுக்கள் எண்ணினீர்கள், இரண்டு தனி நீர்ப்பு எடுத்தீர்களா? நல்ல லேப்புக்கு இந்தக் கேள்விகள் சந்தோஷம் தரும். எவ்வளவு நன்றாக எண்ணியிருந்தாலும் ஒரே சாம்பிளோடு நிற்கவும் கூடாது. நலமாக உள்ள ஒரே ஆணிடம் வாரத்துக்கு வாரம் எடுத்தாலே எண் பல மடங்கு ஏறி இறங்கும். விந்தணு உருவாக இரண்டரை மாதம்போல ஆகும் என்பதால், இப்போது வந்த கடுங்காய்ச்சல் அடுத்த இரண்டு மூன்று மாதங்களில் எடுக்கும் சாம்பிளில் தெரியலாம். முதல் ரிப்போர்ட் குறைவாக வந்தால் மருத்துவரிடம் கேட்டு, அதே லேப்பில், அதே நாள் இடைவெளி விட்டு இன்னொரு சாம்பிள் கொடுங்கள். காய்ச்சல் வந்திருந்தால் மூன்று மாதம் பொறுத்துக் கொடுங்கள்.